மறைநூலைப் படித்தவர் யார்?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

உலகின் பெருஞ்சமயங்களை ஒப்பிட்டு எழுதுவோர், தோற்றுவித்தவர் யார், தோன்றிய நாடு எது, பின்பற்றுவோர் எத்தனை கோடி என்று அட்டவணை போடுவது வழக்கம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தையார் இன்றும் கைநாட்டுதான். ஆகவே எனக்கு வேறொரு கேள்வி எழுந்தது. ஒவ்வொரு சமயத்தின் மறைநூலையும் படிக்கும் உரிமை யாருக்கு இருந்தது? ‘இயற்பியல் மாணவனுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு?’ என்றான் என் அறைத்தோழன். கேள்வி விடவில்லை.

வேதம் நெடுங்காலம் ஏட்டில் ஏறவே இல்லை. ‘எழுதாக் கிளவி’ என்றே தமிழில் அதற்கு ஒரு பெயர் உண்டு. சொற்களை முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றி ஓதிப் பழகி, ஒலி பிறழாமல் செவிவழியே காத்தனர். நினைவாற்றலின் அருஞ்செயல் என்று இதனை வியக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தச் செவி எல்லோருடைய செவியும் அன்று. சூத்திரரும் பெண்களும் வேதம் ஓதலாகாது எனத் தரும சாத்திரங்கள் விலக்கின.

புத்தர் இதற்கு மாறான வழியில் சென்றார். தம் போதனையை வேதமொழியின் நடையில் அமைக்க இரு துறவியர் அனுமதி கேட்டபோது, அவர் மறுத்துவிட்டதாக வினய பிடகம் கூறுகிறது. பௌத்த நூல்களும் முதலில் வாய்மொழியாகவே இருந்து, கி.மு. முதல் நூற்றாண்டில் இலங்கையில் ஏட்டில் எழுதப்பட்டன. சீனத்தில் அவை அச்சும் ஏறின. கி.பி. 868-இல் மரப்பலகையில் செதுக்கி அச்சிட்ட ‘வச்சிர சூத்திரம்’தான், ஆண்டு குறிக்கப்பெற்ற அச்சுநூல்களுள் இன்று எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது. தம் பெற்றோர் பொருட்டு, எல்லோருக்கும் இலவசமாக வழங்க ஒருவர் அதனைச் செய்வித்தார் என்று அதன் இறுதியில் குறிப்பு உள்ளது.

இஸ்லாத்தில் நபிகள் நாயகத்திற்கு வந்த முதல் செய்தியே ஓதச் சொல்லும் கட்டளை என்பர். கி.பி. 624-இல் நடந்த பத்ருப் போரில் சிறைப்பட்டோருள் எழுத்தறிந்தவர்கள், மதீனாச் சிறுவர் பதின்மருக்கு எழுதக் கற்பித்தால் விடுதலை பெறலாம் என்று அவர் விதித்ததாக மரபுச் செய்தி உண்டு. மீட்புப் பணத்துக்குப் பதில் எழுத்து! அத்தகைய மார்க்கத்தைச் சார்ந்த துருக்கியப் பேரரசில், 1727-இல் அச்சகம் நடத்த உரிமை தரும்போது சமய நூல்களை மட்டும் அச்சிடக் கூடாது என்று விலக்கியது வியப்பளிக்கிறது.

கிறித்தவ ஐரோப்பாவின் கதைதான் என்னை மிகவும் உலுக்கியது. அங்கே பல நூற்றாண்டுகள் பைபிள் பெரும்பாலும் இலத்தீனில் இருந்தது. உழவனுக்கு அது புரியாத ஒலி. கூட்டன்பர்க் 1455-ஆம் ஆண்டளவில் அச்சிட்டதும் இலத்தீன் பைபிளே. வில்லியம் டிண்டேல் என்பவர் 1526-இல் புதிய ஏற்பாட்டை ஆங்கிலத்தில் பெயர்த்து ஜெர்மனியில் அச்சிட்டார். பிரதிகள் இங்கிலாந்துக்குள் கள்ளத்தனமாகச் சென்றன. சமயத் துரோகி என்று தீர்ப்பளித்து, 1536-இல் அவரைக் கழுத்தை நெரித்துக் கொன்று எரித்தனர். மூன்றே ஆண்டுகளில், அவருடைய சொற்களையே பெரிதும் தழுவிய ஆங்கில பைபிள் அரசாணையுடன் தேவாலயங்களுக்கு வந்தது!

அத்துடன் முடிந்ததா? 1543-இல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் பிறந்தது. கைவினைஞர், வேலையாட்கள், சிறு உழவர், கூலியாட்கள், எளிய குடும்பப் பெண்கள் ஆகியோர் ஆங்கில பைபிளைப் படிக்கக் கூடாதாம். உயர்குடிப் பெண்கள் தனிமையில் படித்துக்கொள்ளலாம். 1547-இல் அடுத்த மன்னரின் ஆட்சியில் அச்சட்டம் நீங்கியது. இந்தப் பட்டியலைப் படித்தபோது, இங்கே வேதம் மறுக்கப்பட்டவர்களின் பட்டியலையே மீண்டும் படிப்பது போலிருந்தது. கடலும் சமயமும் வேறு. விலக்கப்பட்டவர்கள் மட்டும் உழைக்கும் மக்களும் பெண்களுமே.

சீக்கியர்களின் ஆதி கிரந்தம் 1604-இல் தொகுக்கப்பட்டது. நெசவாளரான கபீரின் பாடல்களும், தோல் தொழிலாளரான ரவிதாசரின் பாடல்களும் அதில் குருமார்களின் பாடல்களோடு இடம்பெற்றன. விலக்கப்பட்டோர் மறைநூலின் ஆசிரியர்களாகவே ஆகிவிட்டனர். நம் தரங்கம்பாடியில் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தது 1715-இல்.

என் பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. திரௌபதியம்மன் கோயில் திருவிழாவில் ஆண்டுதோறும் கேட்ட பாரதம் முழுவதும் மனத்தில் இருக்கிறது. சென்ற விடுமுறையில் நூலகத்திலிருந்து எடுத்துச் சென்ற பாரத வசனத்தை வாசித்துக் காட்டினேன். அவசரத்தில் ஒரு பக்கத்தைத் தாண்டிவிட்டேன். ‘நில்லுடா, நடுவுல ஒன்ன விட்டுட்ட’ என்றார் பாட்டி.