மாதம் 1 டாலர் வாடகைத் தோட்டம்

நியூயார்க் போனால் சென்ட்ரல் பார்க்கை எப்படியும் பார்த்துவிடுவீர்கள். அதோடு, தென் மன்ஹாட்டனில் இருக்கும் லிஸ் கிறிஸ்டி தோட்டத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். இடம் சிறிதுதான். ஆனால் அக்கம்பக்கத்தார் தாங்களே உண்டாக்கி, 50 ஆண்டுகளுக்கு மேலாகத் தாங்களே பேணிவரும் பசுமை அது.

எப்படிப் போவது?

எஃப் ரயிலில் ஏறி, செகண்ட் அவென்யூ நிலையத்தில் இறங்குங்கள். ஹவுஸ்டன் தெருவின் வடக்கு ஓரமாக பவரி சாலையை நோக்கி நடந்தால் வேலி தெரியும். வழி கேட்கும்போது ‘ஹவுஸ்டன்’ என்றே சொல்லுங்கள். ‘ஹியூஸ்டன்’ டெக்சாஸ் மாநிலத்து நகரம்.

இடத்தின் கதை

பவரி என்ற பெயர், பண்ணையைக் குறிக்கும் டச்சுச் சொல்லிலிருந்து வந்தது. 17ஆம் நூற்றாண்டில் டச்சு ஆளுநர் பீட்டர் ஸ்டைவசன்ட்டின் பண்ணை இந்த வட்டாரத்தில்தான் இருந்தது. 1970களிலோ இங்கே காலி மனைகளில் குப்பையும் இடிபாடும் குவிந்து கிடந்தன. ஓவியர் லிஸ் கிறிஸ்டியும் ‘கிரீன் கெரில்லாஸ்’ குழு நண்பர்களும் அந்த மனைகளின் வேலிகளைத் தாண்டி விதைப்பந்துகளை வீசினார்கள். சாலை நடுத்திட்டுகளில் சூரியகாந்தி விதைத்தார்கள். 1973இல் இந்த மனையைக் கையில் எடுத்து, குப்பையை அள்ளி, மண் கொட்டி, 60 மேட்டுப்பாத்திகள் போட்டார்கள். 1974 ஏப்ரலில் மாநகர நிர்வாகம் மாதம் 1 டாலர் வாடகைக்கு இடத்தைக் கொடுத்தது. நகரின் முதல் சமூகத் தோட்டம் இதுவே. லிஸ் 1985இல் மறைந்தார். மறு ஆண்டு தோட்டத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள்.

என்ன பார்க்கலாம்?

குளத்தில் மீன்களும் ஆமைகளும் உண்டு. டான் ரெட்வுட் மரத்தைத் தவறவிடாதீர்கள். 1940களில் சீனாவில் உயிரோடு கண்டறியும்வரை, அறிவியல் உலகம் அதைப் புதைபடிவமாக மட்டுமே அறிந்திருந்தது. ஊசியிலை மரமாயினும் இலையுதிர் காலத்தில் செம்பழுப்பாகி முழுதும் உதிர்ந்துவிடும்.

கவனத்துக்கு

கட்டணம் இல்லை. தோட்டத்தைத் திறப்பவர்கள் தன்னார்வலர்கள் என்பதால், திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். பூ, காய் எதையும் பறிக்காதீர்கள். ஒவ்வொரு பாத்தியிலும் யாரோ ஒருவரின் உழைப்பு இருக்கிறது. களை பறிப்பவரைக் கண்டால் நின்று பேசுங்கள். முடிந்தால், உங்கள் தெருமுனையில் காலியாகக் கிடக்கும் மனையைப் பற்றியும் அவரிடம் யோசனை கேளுங்கள்.