குடியரசு தின ஊர்திகள்: தேர்வும் சுழற்சியும்

டில்லியில் ஜனவரி 26 அன்று மக்கள் காணும் குடியரசு தின அணிவகுப்புக்குப் பின்னால் பல மாத உழைப்பு உண்டு. அலங்கார ஊர்திகளுக்கான கருத்துருக்களைப் பாதுகாப்பு அமைச்சகம் மாநிலங்களிடம் முன்னதாகவே கோருகிறது. ஓவியம், சிற்பம், இசை, நடனம் முதலிய துறைகளின் வல்லுநர் குழு முதலில் வரைபடத்தையும் பின்னர் முப்பரிமாண மாதிரியையும் ஆராய்கிறது. அணிவகுப்பின் நேரம் வரையறைக்குட்பட்டது. எனவே அனைவருக்கும் இடம் கிட்டுவதில்லை.

2022-இல் விடுதலை வீரர்களைச் சித்திரித்த தமிழ்நாட்டு ஊர்தி தேர்வு பெறவில்லை. சென்னை விழாவில் அது வலம் வந்தது. பின்னர், ஒவ்வொரு மாநிலத்திற்கும் வாய்ப்பளிக்க 2024 முதல் 2026 வரை மூன்றாண்டுச் சுழற்சித் திட்டம் வகுக்கப்பட்டது. 2024-இல் தமிழ்நாட்டு ஊர்தி உத்திரமேரூர்க் கல்வெட்டு கூறும் குடவோலை முறையைக் காட்டியது.

தரத்தை மட்டும் நோக்கின் சில மாநிலங்கள் விடுபடும். சுழற்சியை மட்டும் நோக்கின் தரம் தளரக்கூடும். இரண்டையும் இணைப்பதே நிருவாகத்தின் பணியாகும்.