செனெக்காவின் இரவுக் கணக்கு

வணிகர் நாள்முடிவில் வரவு செலவு பாராமல் கடையை அடைப்பதில்லை. அன்றாடம் தாம் பேசிய பேச்சுக்கும் செய்த செயலுக்கும் அவ்வாறே கணக்குப் பார்த்த அறிஞர் ஒருவர் பண்டைய உரோமாபுரியில் வாழ்ந்தார். அவர் பெயர் செனெக்கா. ஸ்பெயின் நாட்டுக் கொர்தோவா நகரில் பிறந்தவர். நீரோ மன்னனுக்கு ஆசிரியராக விளங்கி, கி.பி. 65-இல் அம்மன்னன் ஆணையாலேயே உயிர் நீத்தவர். பெருஞ்செல்வர். எளிமையைப் போற்றி எழுதுபவருக்கு இவ்வளவு செல்வம் எதற்கு என்று அவர் காலத்தவரே பழித்தனர். அப்பழியில் நியாயம் உண்டென்றே நாமும் கருதுகிறோம்.

சினத்தைப் பற்றி அவர் இயற்றிய நூலின் மூன்றாம் பகுதியில் இவ்வழக்கம் கூறப்பட்டுள்ளது. இரவில் விளக்கை அகற்றியபின், கணவரின் வழக்கம் அறிந்த மனைவியார் பேச்சை நிறுத்திவிடுவார். செனெக்கா அன்றைய பொழுது முழுவதையும் மனத்துள் மீண்டும் நடந்து பார்ப்பார். தமக்குத் தாமே எதையும் மறைப்பதில்லை. அவர் அங்கே எடுத்துக்காட்டும் குற்றங்கள் கொலையோ களவோ அல்ல. வாதத்தில் வேண்டாத கடுமை. ஒருவரைக் கண்டிக்கப் போய், திருத்தாமல் புண்படுத்தியது. விருந்தில் தாழ்ந்த இடம் தந்தார்களென்று கொண்ட சினம். (நம் திருமணப் பந்திகளிலும் இச்சினம் அரிதன்று!) சொல்வது மெய்யா என்று நோக்கினால் மட்டும் போதாது, கேட்பவர் அம்மெய்யைத் தாங்குவாரா என்றும் நோக்க வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. குற்றத்தைக் கண்டபின் தம்மை வதைத்துக்கொள்வதுமில்லை. மறுமுறை நேராமல் காக்கும்படி தமக்கே அறிவுறுத்தி, பொறுத்துக்கொண்டு, அமைதியாக உறங்குவார்.

காலத்தையும் அவர் இவ்வாறே எண்ணினார். லூசிலியஸ் என்னும் நண்பருக்கு எழுதிய 124 கடிதங்களுள் முதலாவதில், காலம் தம்மிடமும் வீணாவதை ஒப்புக்கொள்கிறார். ஆனால் எவ்வளவு வீணாயிற்று, ஏன் வீணாயிற்று என்று தம்மால் கூற இயலும் என்கிறார்.

இரவுக் கணக்கை அவர் செக்ஸ்தியஸ் என்னும் அறிஞரின் வழக்கத்திலிருந்து கற்றார். செக்ஸ்தியஸ் புலால் மறுத்தவர். குருதி சிந்தாமலே மனிதனுக்குப் போதிய உணவு உண்டு, இன்பத்திற்காகக் கொல்லும்போது கொடுமை பழக்கமாகிவிடும் என்பது அவர் கொள்கை. இதனையும், உயிர் உடல்விட்டு உடல் மாறும் என்ற பிதாகரஸின் கருத்தையும் சோத்தியோன் என்னும் ஆசிரியர் வாயிலாகக் கேட்ட இளைஞர் செனெக்கா, தாமும் புலாலைக் கைவிட்டார். ஓராண்டில் அது எளிதாக மட்டுமன்றி இனிதாகவும் ஆயிற்றாம்.

பின் ஏன் விட்டார்? திபேரியஸ் மன்னன் ஆட்சியின் தொடக்கத்தில் அயல்நாட்டு வழிபாடுகள் ஒடுக்கப்பட்டன. சில விலங்குகளின் ஊனை உண்ணாமையே ஐயத்திற்குச் சான்றாயிற்று. தந்தை வேண்டினார், மகன் இணங்கினார். நல்ல உணவுக்குத் திரும்பும்படி தம்மை இணங்கவைப்பது தந்தைக்குக் கடினமாக இருக்கவில்லை என்று முதுமையில் அவரே எழுதுகிறார். இவ்வளவு வெளிப்படையாகத் தம் தளர்ச்சியை உரைப்பவர் சிலரே.

எனினும் இளமையில் கொண்டவை யாவும் போய்விடவில்லை. வயிறு நிறைந்தவரையும் மேலும் உண்ணத் தூண்டுபவை என்று சிப்பியையும் காளானையும் அவர் இறுதிவரை தொடவில்லை. மதுவையும் நறுமணப் பூச்சையும் விலக்கினார். முதுமையிலும், படுத்த தடம் பதியாத கெட்டி மெத்தையிலேயே உறங்கினார்.