கொப்பியில் இல்லாத வரிகள்

லவால்,
சித்திரை மாதம்

அன்புள்ள மகளுக்கு,

கூழுக்கு ஒடியல் மாவுக்குப் பதிலாக அரிசி மாவைக் கரைத்து விடலாமா என்று கேட்டிருந்தாய். தொலைபேசியில் ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் அம்மம்மாவின் சமையல் கொப்பியை வைத்துக்கொண்டு நீ ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கிறாய் என்று உன் அம்மா சொன்னா. கேட்க எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா? அதனால்தான் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

ஒடியல் மாவுக்குக் கூழில் இரண்டு வேலை. மீனையும் நண்டையும் மரக்கறியையும் ஒரு சாறாகப் பிடித்துத் தடிக்க வைப்பது ஒன்று. அதை அரிசி மாவும் செய்யும், சோள மாவும் செய்யும். மற்றது அந்தச் சுவை. நாக்கின் அடியில் நிற்கிற மெல்லிய கைப்பும் வெயிலில் காய்ந்த கிழங்கின் மணமும் வேறு எந்த மாவிலும் வராது. அரிசி மா விட்டால் நல்ல மீன் கஞ்சி கிடைக்கும், தாராளமாகக் குடி. ஆனால் கொப்பியில் அதைக் கூழ் என்று எழுதாதே. இங்கே தமிழ்க் கடைகளில் ஒடியல் மா பொதியில் வருகிறது. வாங்கும்போது பொதி செய்த திகதியைப் பார். கனகாலம் கிடந்த மாவில் பூசண மணம்தான் இருக்கும்.

இனி முக்கியமான விசயத்துக்கு வருகிறேன். கொப்பியில் "ஒடியல் மா ஒரு சுண்டு, கரைத்து விடவும்" என்றுதான் இருக்கும். அதை அப்படியே செய்யாதே. பனங்கிழங்கை அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல்; பச்சையாகவே இரண்டாகக் கிழித்து வெயிலில் காயவிட்டால் ஒடியல். புழுக்கொடியல் மாவைத் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு அப்படியே சாப்பிடலாம். ஒடியல் மா பச்சைக் கிழங்கின் மா. அதில் கயர் இருக்கிறது. நிறையத் தண்ணீரில் கரைத்து வை, மா அடியில் இறங்கியதும் மேலே தெளிந்த தண்ணீரை ஊற்றிவிடு, புதுத் தண்ணீர் விடு, திரும்பவும் ஊற்று. கயர் போகும்வரை இப்படிச் செய்யவேண்டும். பச்சை மாவில் உடம்புக்கு ஆகாத ஒரு பொருளும் இருப்பதாக எலிகளை வைத்துச் செய்த ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன. ஆகவே அவசரம் என்றாலும் இந்த வேலையை விட்டுவிடாதே.

அம்மம்மா ஏன் இதை எழுதவில்லை? எழுதத் தேவை இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒடியல் மாவை ஊறவிட்டுத் தண்ணீரை ஊற்றுவது பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். தன் குசினியிலேயே நின்று வளர்ந்த மகள்மாருக்கு அவ எழுதிய கொப்பி அது. லவாலில் பிறந்த பேத்தி ஒருநாள் அதை விரித்து வைத்து உலை வைப்பாள் என்று அவ நினைக்கவில்லை.

மரவள்ளிக் கிழங்கும் அப்படித்தான். "மரவள்ளி துண்டு துண்டாக வெட்டி அவிக்கவும்." அவ்வளவுதான் இருக்கும். தோலோடு அதன் கீழே இருக்கிற இளஞ்சிவப்புப் பட்டையையும் சேர்த்து உரிக்கவேண்டும், பானையை மூடாமல் அவிக்கவேண்டும், அவித்த தண்ணீரை வடித்து ஊற்றவேண்டும் என்பதெல்லாம் இருக்காது. அந்தக் கிழங்கில் சயனைட்டு உண்டாகும். மூடி திறந்திருந்தால் ஆவியோடு போய்விடும். மரவள்ளியையும் இஞ்சியையும் ஒரு நாளிலும் சேர்க்காதே என்று எங்கள் பெரியவர்கள் சொல்லுவதை நீயும் கேட்டிருப்பாய். அந்தக் கட்டுப்பாட்டை நான் இன்றுவரை மீறவில்லை, நீயும் மீறவேண்டாம். கூழுக்கு மரவள்ளியைத் தனியாக அவித்து வடித்துப் பிறகு சேர். ஷொமெடேயில் தமிழ்க் கடை பூட்டியிருந்தால் ஹெயிட்டிக்காரரின் கடைக்குப் போ. எங்களைப்போல அவர்களும் மரவள்ளி சாப்பிட்டு வளர்ந்தவர்கள்.

ஆகவே ஒரு பழைய குறிப்பைக் கையில் எடுத்தால், அளவைப் பார்க்க முன்னம் ஒவ்வொரு சாமானும் ஒவ்வொரு செய்கையும் அங்கே என்ன வேலை செய்கிறது என்று கேள். வேலை தெரிந்தால் இங்கே கிடைக்காததற்கு மாற்று நீயே கண்டுபிடிப்பாய். தெரியாமல் மாற்றினால் எது போனது என்றே தெரியாமல் போய்விடும்.

பாற்சொதியை எடுத்துக்கொள். கப்பிப்பாலில் வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம் எல்லாம் அவியவிட்டு, கடைசியில் முதற்பால் விட்டு, ஒரு கொதி வரும்போது இறக்கிவிடு என்றுதான் அம்மம்மா எழுதியிருப்பா. உன்னிடம் இருப்பது தகரப்பால். அதில் முதற்பால், கப்பிப்பால் என்ற பிரிவே இல்லை. எல்லாவற்றையும் முதலிலேயே ஊற்றிக் கொதிக்கவிட்டால் பால் திரைந்து எண்ணெய் பிரியும். தகரத்தில் கொஞ்சத்தை எடுத்து நிறையத் தண்ணீர் கலந்தால் அது கப்பிப்பால். மிச்சத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள். தேசிப்புளியை அடுப்பால் இறக்கிச் சூடு தணிந்த பிறகு விடு.

அடுப்பும் வேறு. "நெருப்பைத் தணிக்கவும்" என்றால் அம்மம்மாவுக்கு ஒரு கொள்ளியை வெளியே இழுப்பது. அந்தக் கணமே சூடு குறையும். உன் மின்சார அடுப்பை நிறுத்தினாலும் தட்டு கனநேரம் கொதித்துக்கொண்டே இருக்கும். ஆகவே தணிக்கவும் என்று வருகிற இடத்தில் சட்டியைத் தூக்கிப் பக்கத்தில் வை. மீன்குழம்புக்கு என்று ஊரிலிருந்து கொண்டுவந்த மண்சட்டியைக் கண்ணாடி அடுப்பில் வைக்காதே. சட்டியும் வெடிக்கும், கண்ணாடியும் போகும். அடி தடித்த பாத்திரம் போதும்.

தூள் வறுக்கிற வேலையை வைகாசிக்குத் தள்ளிவை. யன்னல் பூட்டிய வீட்டுக்குள் செத்தல் மிளகாய் வறுத்தால் இருமல் அடங்காது, புகை மணி வேறு அடிக்கும். கராஜ் கதவைத் திறந்துவைத்து அங்கே வறு. மல்லி, பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம், மிளகாய், கறிவேப்பிலை எல்லாவற்றையும் தனித்தனியாகத்தான் வறுக்கவேண்டும். மல்லி பொன்னிறம் ஆகும் நேரத்துக்குள் வெந்தயம் கருகிவிடும். கருகிய வெந்தயம் முழுத் தூளையும் கைக்கவைக்கும். எங்கள் வீட்டுத் தூளின் கடும் நிறம் மல்லியை ஆழமாக வறுப்பதால் வருவது. அதற்காக மிளகாயைக் கறுக்கவிடாதே.

நண்டைப் பற்றியும் கேட்டிருந்தாய். இந்த மாதம் சென் லோரன்ஸ் வளைகுடாவிலிருந்து ஸ்னோ கிராப் வந்திருக்கும். இனிப்பான சதை, வாங்கிப் போடு. ஆனால் கடையில் அது பெரும்பாலும் அவித்தே கிடைக்கும். தொடக்கத்திலேயே போட்டால் சதை நார் நாராகிவிடும். கூழுக்குச் சாறு தருவது பச்சை நண்டின் ஓடும் உடம்பும்தான். அதற்கு வியட்நாமியக் கடையில் உறைய வைத்த நீலக்கால் நண்டை வாங்கி மீன்தலையோடு முதலில் அவியவிடு. ஸ்னோ கிராப்பை மா விட்டுத் தடித்த பிறகு போடு. அம்மம்மா காணாத நண்டு அது, ஆனால் அவவின் கூழில் வைக்கலாம். கூழைக் கோலிக் குடிக்கிற பிலாவிலைக்குத்தான் இங்கே வழியில்லை, கிண்ணத்தில் குடிப்போம்.

இப்படி மாற்றினால் பழைய கூழாகுமா என்று நீ தயங்குவாய். கூழில் இருக்கிற செத்தல் மிளகாய் போர்த்துக்கேயரின் கப்பல்களில் ஆசியாவுக்கு வந்தது. மரவள்ளி ஒல்லாந்தர் காலத்தில் இலங்கைக்கு வந்தது. இரண்டும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். அதற்கு முன்னம் எங்கள் ஆட்களுக்கு உறைப்பு என்றால் மிளகுதான். முன்னோர் வந்ததை எடுத்துக்கொண்டார்கள், ஆனால் அது என்ன செய்யும் என்று பார்த்து எடுத்தார்கள்.

அம்மம்மாவின் கொப்பிக்குள்ளேயே ஒரு காலம் இருக்கிறது, கவனித்தாயா? நடுப்பகுதியில் சில பக்கங்களில் சீனி வரவே வராது, எல்லாவற்றுக்கும் பனங்கட்டிதான். அது 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை போட்டிருந்த காலம். ஜாம் போத்தலுக்குள் திரி போட்டு அந்த வெளிச்சத்தில் சமைத்த நாட்கள். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தோம். 1995 ஒக்டோபர் 30 இரவு ஊரே வெளிக்கிட்டபோது அந்தக் கொப்பி ஒரு உடுப்புப் பையின் அடியில் தென்மராட்சிக்குப் போனது. பின்னட்டையில் இருக்கிற தண்ணீர்க் கறை அந்த வழியில் மழையில் பட்டது. ஆகவே "இதில் சீனி போட மறந்துவிட்டா" என்று நினைத்து அந்தப் பக்கங்களைத் திருத்தாதே. அவை அந்த வருசத்துச் சாப்பாடு. அப்படியே ஒருதரம் செய். நீ எழுதும் குறிப்புகளிலும் எந்த வருசம், எந்த மாதம், எங்கே வாங்கிய சாமான், ஆர் சொல்லித் தந்தது என்று எழுது.

அளவு பற்றி ஒன்று. சுண்டு என்பது கொத்தில் நாலில் ஒன்று. ஆனால் அம்மம்மா அளந்தது கழுவி வைத்த பால்பேணியால். அந்தப் பேணி இப்போது இல்லை. "ஒரு சிறங்கை" என்று வருகிற இடத்தில் அவவின் கைதான் அளவு. அந்தக் கை இன்னும் என் வீட்டில் இருக்கிறது. உன் தராசைக் கொண்டு வா. கிண்ணத்தைத் தராசில் வைத்துவிட்டு அவவை அள்ளிப் போடச் சொல்லி, கிராமைக் குறித்துக்கொள். கதிரையில் இருத்தி வைத்துக் கேள்வி கேட்காதே. அப்படிக் கேட்டால் "எல்லாம் போட்டு அவிக்கிறதுதான் பிள்ளை" என்பா. சட்டிக்குப் பக்கத்தில் நிற்கவிட்டுக் கேள். நீ பிழையாகச் செய்யப் போகிற இடத்தில் அவவின் கை தானாக வந்து தடுக்கும். அந்த இடத்தில்தான் நீ எழுதவேண்டிய வரி இருக்கிறது. கண் பார்வை குறைந்துவிட்டது, மூக்கு இன்னும் கூர்மை. மல்லி பதம் வந்துவிட்டதென்று மற்ற அறையிலிருந்தே சொல்லுவா. ஆனால் நெடுநேரம் நிற்க முடியாது. தை மாதத்தில் இருந்த பலம் இப்போது இல்லை. இதைச் சொல்லி உன்னைப் பயமுறுத்தவில்லை மகள். கூழும் தூளும் காயச்சரக்கும்தான் முதலில் பழகவேண்டியவை. கேக்கும் தொதலும் என்னிடமே கேட்கலாம்.

வருகிற ஞாயிறு காலை வா. மாவை இங்கே முதல்நாளே ஊறவிட்டு வைக்கிறேன். தண்ணீர் ஊற்றுகிற பதத்தை நீயே பார்த்துக்கொள்ளலாம். நீலக்கால் நண்டும், ஒரு மீன்தலையும், பயத்தங்காயும் வாங்கி வா. பலாக்கொட்டை என் ஃபிரீசரில் இருக்கிறது. புளி வாங்கவேண்டாம், ஊர்ப்புளி இருக்கிறது. பெடியனையும் கூட்டி வா. அவனும் செத்தல் அரைக்கப் பழகட்டும்.

அன்புடன்,
பெரியம்மா