கம்பெனி பஸ் நிற்கும் ஊரிலிருந்து: கல்லூரி மாணவர்களுக்கு வேலைத் திட்டமிடல் முழுமையான வழிகாட்டி

விடியற்காலையில் தேன்கனிக்கோட்டையிலிருந்து ஓசூர் போகும் சாலையில் நின்று பாருங்கள். ஸ்வெட்டர், கழுத்தில் அடையாள அட்டை, கையில் சாப்பாட்டுப் பை என்று கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களில் பலர் உங்கள் வயதுக்காரர்கள். 1980 வாக்கில் அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் ஓசூருக்கு வந்தன. அடுத்து டைட்டன் வந்தது. இப்போது போச்சம்பள்ளியில் ஓலா, நம் திம்ஜேப்பள்ளிப் பக்கமே டாடா எலக்ட்ரானிக்ஸ். இந்தப் பகுதியில் ஏதோ ஒரு வேலையில் சேர்வது பெரிய கஷ்டமில்லை. எந்த வேலையில், எப்படிச் சேர்கிறோம் என்பதில்தான் அடுத்த பத்து வருடம் அடங்கியிருக்கிறது.

படி 1: அரியர் இல்லாமல் பட்டத்தை முடியுங்கள்

செமஸ்டர் லீவில் வேலைக்குப் போய், கையில் காசு பார்த்ததும் கல்லூரிக்குத் திரும்பாத பிள்ளைகளை இங்கே எல்லோருக்கும் தெரியும். வீட்டுக் கடன், தங்கை கல்யாணம் என்று காரணங்கள் நியாயமாகவே இருக்கும். ஆனால் இரண்டு பேப்பர் பாக்கி இருந்தாலும் விண்ணப்பத்தில் நீங்கள் பிளஸ் டூ மட்டும்தான். பிறகு ஷிப்டுக்கு நடுவில் எழுதிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். நைட் ஷிப்ட் முடித்து வந்த உடம்பு புத்தகத்தைத் தொடாது.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்குப் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. பஸ் செலவுக்காவது அது உதவும். வாங்கவில்லை என்றால் நாளைக்கே கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள்.

படி 2: சம்பளச் சீட்டை வாசிக்கப் பழகுங்கள்

இதைக் கல்லூரியில் யாரும் சொல்லித் தருவதில்லை. கம்பெனிக்குப் போகும் அண்ணனோ அக்காவோ வீட்டில் இருந்தால் ஒரு சீட்டை வாங்கி எதிரில் வையுங்கள்.

முதலில் மேலே பாருங்கள். கம்பெனி பெயர் இருக்கிறதா, கான்ட்ராக்டர் பெயர் இருக்கிறதா? யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் முதலாளி. கம்பெனி யூனிஃபார்ம் போட்டிருப்பதால் மட்டும் யாரும் கம்பெனி ஆள் ஆகிவிடுவதில்லை.

அடுத்து பிடித்தம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 10,000 என்றால், பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம், அதாவது 1,200 ரூபாய் பிடிப்பார்கள். முதலாளியும் தன் பங்காக 12 சதவீதம் கட்ட வேண்டும். மொத்தச் சம்பளம் 14,000 என்றால் இஎஸ்ஐ எனும் தொழிலாளர் காப்பீட்டுக்கு 0.75 சதவீதம், 105 ரூபாய் போகும். அடிப்படைச் சம்பளம் சிறியதாகவும் மற்ற படிகள் பெரியதாகவும் இருந்தால் பிஎஃப் சேமிப்பு அந்த அளவுக்குக் குறைகிறது என்று அர்த்தம். பிஎஃப் கணக்குக்கான யுஏஎன் எண் ஆயுளுக்கும் ஒன்றே. அதைக் கேட்டு வாங்கி, செல்போனில் பணம் ஏறுகிறதா என்று நீங்களே பாருங்கள். பிடித்ததும் கட்டியதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

படி 3: அப்ரண்டிஸா, வெறும் டிரெய்னியா?

1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின்படி பதிவு செய்து எடுத்தால் அது முறையான தொழில் பழகுநர் பயிற்சி. உதவித்தொகை உண்டு, முடிவில் சான்றிதழ் உண்டு. பிஎஃப், இஎஸ்ஐ பிடித்தம் இருக்காது; நிரந்தர வேலைக்கு உத்தரவாதமும் கிடையாது. பட்டதாரிகளும் டிப்ளமோ முடித்தவர்களும் தேசியத் தொழில் பழகுநர் பயிற்சித் திட்டத்தின் (என்ஏடிஎஸ்) இணையதளத்தில் பதியலாம். தென்மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது.

பதிவு எதுவும் இல்லாமல் வாய்வார்த்தையில் ‘டிரெய்னி’ என்றால், என்ன பயிற்சி, எத்தனை மாதம், சான்றிதழ் யார் தருவார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். சேர்த்துவிட முன்பணம் கேட்கும் ஏஜெண்டிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

படி 4: அரசு வேலை ஆசையா? தமிழைக் கவனியுங்கள்

நம் பக்கத்தில் வீட்டில் தெலுங்கு, கன்னடம், உருது பேசுகிறவர்கள் நிறையப் பேர். டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் தமிழ்த் தகுதிப் பகுதி 150 மதிப்பெண்ணுக்கு. அதில் 40 சதவீதம், அதாவது 60 எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். கணக்கில் புலியாக இருந்தும் இங்கே தடுக்கி விழ வேண்டாம். ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளித் தமிழ்ப் புத்தகங்களை இப்போதே எடுங்கள். பட்டம் கேட்கும் அரசுப் பதவிகளில், பள்ளியிலிருந்து பட்டம் வரை முழுவதையும் தமிழ்வழியில் முடித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருப்பதால், கல்லூரியில் பயிற்று மொழியைத் தேர்வு செய்யும்போது அதையும் யோசியுங்கள்.

மூன்று நான்கு மொழி பேசுவதைக் குறையாக நினைக்கவே வேண்டாம். அத்திப்பள்ளியைத் தாண்டினால் பெங்களூர். கன்னடமும் தெலுங்கும் தெரிந்த தமிழ்ப் பட்டதாரிக்கு விற்பனையிலும் வாடிக்கையாளர் சேவையிலும் தனி மதிப்பு உண்டு. பயோடேட்டாவில் மொழிகளை மேலே எழுதுங்கள்.

படி 5: கம்பெனிக்கு வெளியேயும் பாருங்கள்

தளியில் இந்திய-இஸ்ரேல் கூட்டு முயற்சியான கொய்மலர் மகத்துவ மையம் இருக்கிறது. பசுமைக்குடிலில் ரோஜாவும் ஜெர்பராவும் வளர்க்கும் தொழில் இந்தக் குளிரில் நன்றாக நடக்கிறது. ஓசூர் மத்திகிரியில் கோழியின உற்பத்திக்கென்றே ஒரு அரசுக் கல்லூரி இருக்கிறது. வீட்டில் இரண்டு ஏக்கர் இருந்தால், விற்றுவிட்டு வேலைக்குப் போவதற்கு முன் தளிக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

படி 6: பதிவு

பட்டச் சான்றிதழ் வந்ததும் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவில் அதைச் சேர்த்துவிடுங்கள். கிருஷ்ணகிரிக்குப் போக வேண்டியதில்லை, இணையத்திலேயே செய்யலாம். கட்டணம் கிடையாது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க மட்டும் மறக்காதீர்கள்.