கல்லூரித் திடலிலிருந்து தொழில் களத்துக்கு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல்)

கால்பந்து என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது உருண்டைப் பந்தும் கோல் கம்பமும்தான். ஆனால் அமெரிக்க ஐக்கிய நாட்டில் அப்பெயரால் வழங்குவது முற்றிலும் வேறான ஓர் ஆட்டம். முட்டை வடிவப் பந்து. பெரும்பகுதி கையாலேயே ஆட்டம். காலுக்கு வேலை மிகக் குறைவு. பக்கத்துக்குப் பதினொருவர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அவற்றுக்குள் பத்துக் கெஜம் முன்னேறினால் மீண்டும் நான்கு வாய்ப்புகள். இல்லையேல் பந்து எதிரணிக்குப் போய்விடும். பந்தோடு ஓடுபவனைப் பிடித்துத் தரையில் சாய்ப்பது விதிக்கு உட்பட்டது. சடுகுடு பார்த்துப் பழகிய நமக்கு இவ்வாட்டத்தின் உயிர்நாடி விரைவில் விளங்கிவிடும்.

இதைக் கல்லூரி மலரில் எழுதக் காரணம் உண்டு. இது கல்லூரியில் பிறந்த ஆட்டம். 1869-இல் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் ஆகிய இரு கல்லூரிகளுக்கிடையே முதல் போட்டி நடைபெற்றது. இன்று என்.எஃப்.எல். என்று வழங்கும் தொழில்முறைச் சங்கம் தோன்றியதோ 1920-இல்தான். இன்றும் மிச்சிகன் பல்கலைக்கழகத் திடலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அமர்ந்து பார்க்கலாம். எந்தத் தொழில்முறை அணியின் சொந்தத் திடலிலும் அத்தனை இருக்கைகள் இல்லை. ஆகவே கல்லூரி ஆட்டக்காரன் தொழில் ஆட்டத்துக்குச் செல்லும்போது சிறிய அரங்கிலிருந்து பெரிய அரங்குக்குச் செல்கிறான் என்று எண்ணிவிடக் கூடாது. லட்சம் பேர் பெயர் சொல்லிக் கூவிய ஒருவன், பெயரில்லாப் புதியவனாக வேறோரிடத்தில் போய் நிற்கிறான் என்பதே சரி.

அவன் செல்லும் வழிக்கு டிராஃப்ட் என்று பெயர். ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில் 32 அணிகளும் ஏழு சுற்றுகளில் சுமார் 250 பேரைத் தேர்ந்தெடுக்கின்றன. முந்தைய ஆண்டில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் உரிமை. கல்லூரி ஆட்டம் முடித்து இத்தேர்வுக்கு நிற்கும் தகுதியுடையோரில் நூற்றுக்கு இரண்டு பேர்கூடத் தேறுவதில்லை. முதல் டிராஃப்ட் 1936-இல் நடந்தது. அதில் முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கர். அவர் தொழில் ஆட்டத்தில் ஒருநாளும் இறங்காமல் ரப்பர் வியாபாரத்துக்குப் போய்விட்டார்! அந்நாளைய சம்பளத்தை நோக்கினால் அவர் செய்தது புத்திசாலித்தனமே.

நாற்பது முதல் மாணவர்கள்

கல்லூரியில் சிறந்த ஆட்டக்காரன் ஒருவனுக்கு எதிரே நிற்கும் பதினொருவரில் பலர் நாளை அலுவலகத்துக்கும் வயலுக்கும் செல்லப்போகிறவர்கள். அவர்களில் வலுவற்றவன் யார் என்று கண்டுகொண்டு அவன் பக்கமாக ஓடினால் போதும். தொழில் அணி ஒன்றில் 53 பேர். ஒவ்வொருவனும் தன் கல்லூரியில் இணையற்றவனாக இருந்தவன். முப்பது வயதைத் தாண்டிய அனுபவசாலிகளும் அவர்களிடையே உண்டு. ஊருக்கு ஊர் பள்ளி இறுதித் தேர்வில் முதலிடம் பெற்ற நாற்பது பேரை ஒரே வகுப்பில் அமர்த்தினால், நாற்பதாம் இடத்திலும் ஒரு முதல் மாணவன் இருந்தே தீரவேண்டும் அல்லவா? அங்கு நிகழ்வது அதுதான்.

இம்மாற்றம் எல்லோரையும்விடக் கடுமையாகத் தாக்குவது குவார்ட்டர்பேக் என்னும் ஆட்டக்காரனை. அணியின் மூளை அவன்தான். பந்து அவன் கைக்கு வந்தபின் ஏறத்தாழ இரண்டரை வினாடிக்குள் யாருக்கு எறிவது என்று முடிவு செய்தாக வேண்டும். ஓர் எளிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். அவன் எறியும் பந்து வினாடிக்கு 22 மீட்டர் வேகத்தில் செல்வதாகவும், பந்தைப் பிடிக்கவேண்டியவன் 22 மீட்டர் தொலைவில் இருப்பதாகவும் கொள்வோம். பந்து போய்ச் சேர ஒரு வினாடி. வினாடிக்கு 8 மீட்டர் ஓடக்கூடிய எதிரி அந்த ஒரு வினாடியில் 8 மீட்டர் இடைவெளியை மூடிவிடுவான். கல்லூரியில் அந்த எதிரி சற்றே மெதுவானவன். ஒரு கணம் தாமதித்து, தன் ஆள் தனியே நிற்பதைக் கண்ணால் கண்டபின் எறியலாம். தொழில் ஆட்டத்தில் கண்டபின் எறிந்தால் பந்து எதிரியின் கைக்குத்தான் போகும். இன்னும் உண்டாகாத இடைவெளியை நோக்கி, இன்னும் திரும்பிப் பார்க்காத ஆளுக்கு எறிய வேண்டும். கையில் வலு இருந்தும் பலர் தோற்பது இங்கேதான்.

திடலின் அமைப்பும் மாறுகிறது என்பது பலர் அறியாத செய்தி. இரண்டு ஆட்டத்துக்கும் திடலின் அகலம் 160 அடிதான். ஆனால் ஒவ்வொரு முறையும் பந்தை வைத்துத் தொடங்குவதற்கு நடுவே இரு வரிசைக் கோடுகள் உண்டு. ஹாஷ் கோடுகள் என்பர். கல்லூரித் திடலில் அவற்றின் இடைவெளி 40 அடி. தொழில் திடலில் 18½ அடி. பந்து ஒரு கோட்டில் இருந்தால் கல்லூரியில் ஒருபுறம் 60 அடி, மறுபுறம் 100 அடி. தொழில் திடலில் ஒருபுறம் 70¾ அடி, மறுபுறம் 89¼ அடி. கல்லூரியில் அந்த 100 அடிப் பக்கத்தில் விரைவாக ஓடுபவன் ஒருவனை நிறுத்திவிட்டால் அவனைக் காக்க எதிரணி திண்டாடும். அந்தப் பரந்த வெளியை நம்பி வளர்ந்தவனுக்குத் தொழில் திடலில் இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றுபோல் நெருக்கமாகத் தோன்றும்.

கற்றவற்றை மறப்பதும் ஒரு பாடம். கல்லூரி விதிப்படி, பந்தை வைத்திருப்பவனின் முழங்கால் தரையில் பட்டாலே ஆட்டம் நின்றுவிடும். யாரும் தொட வேண்டியதில்லை. தொழில் விதிப்படி எதிரி தொட்டிருக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டு பிட்ஸ்பர்க் அணியின் புதுமுகமான பிளாக்ஸிகோ பரஸ், யாரும் தொடாமலே கீழே விழுந்து, எழுந்து, ஆட்டம் நின்றுவிட்டது என்ற மகிழ்ச்சியில் பந்தைத் தரையில் அடித்தார். எதிரணியினர் ஓடிவந்து அதை எடுத்துக்கொண்டனர். அவர் உடல் இன்னும் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் விதிப்படிதான் ஆடிக்கொண்டிருந்தது. அவ்வாறே எல்லைக்கோட்டருகே பந்தைப் பிடிப்பவன் கல்லூரியில் ஒரு பாதத்தை உள்ளே ஊன்றினால் போதும். தொழில் ஆட்டத்தில் இரண்டும் வேண்டும்.

பொறுமை யாருக்கு?

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைத்ததற்கு வருகிறேன். 1998 டிராஃப்டில் முதலிடத்தில் தேர்வானவர் டென்னசி பல்கலைக்கழகத்தின் பெய்டன் மானிங். அவ்வாண்டில் அவர் எறிந்தவற்றில் 28 பந்துகளை எதிரிகள் பறித்தனர். முதலாண்டு ஆட்டக்காரர்களில் அதுவே மிக அதிகமான எண்ணிக்கை. அணி 3 ஆட்டங்களில் வென்று 13-இல் தோற்றது. ஆயினும் ஒரு போட்டியில்கூட அவரை உட்கார வைக்கவில்லை. மறு ஆண்டு பறிகொடுத்த பந்துகள் 15 ஆகக் குறைந்தன. அணி 13 ஆட்டங்களில் வென்று 3-இல் மட்டுமே தோற்றது. அதே ஆள், அதே கை. அவருக்கு முன்னரே டிராய் ஐக்மன் 1989-இல் தாம் தொடங்கிய 11 ஆட்டங்களிலும் தோற்றவர். பின்னர் மூன்று சூப்பர் போல் கோப்பைகளை வென்றார்.

என் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். முதல் பருவத்தில் ஆங்கிலத்தில் நடக்கும் பாடம், வகுப்பு முடிந்து வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றபோதுதான் எனக்கு விளங்கத் தொடங்கும். இரண்டாம் பருவத்தில் வகுப்பிலேயே விளங்கிற்று. அதனால்தான் போலும், மானிங்கின் பிற்காலச் சாதனைகளைவிட அந்த 28 என்ற எண் என் மனத்தில் அழுத்தமாகப் பதிந்துவிட்டது.

அதே 1998-இல் இரண்டாம் இடத்தில் தேர்வானவர் ரயன் லீஃப். உடல் வலிமையில் மானிங்குக்குக் குறைந்தவரல்லர் என்பதே அன்றைய மதிப்பீடு. முதலாண்டில் 10 ஆட்டங்கள், 2 டச்டவுன்கள், பறிகொடுத்தவை 15. அடுத்த ஆண்டு தோள் காயத்தால் முழுவதும் ஆடவில்லை. 2002-க்குள் ஆட்டவாழ்வு முடிந்துவிட்டது. பின்னர் வலிநிவாரண மாத்திரைகளுக்கு அடிமையாகிச் சிறைக்கும் சென்று மீண்டு, இன்று அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசி வருகிறார். இவருக்கு மனப்பக்குவம் போதவில்லை என்பார்கள். இருக்கலாம். ஆனால் 2002-இல் ஹூஸ்டனில் புதிதாகத் தொடங்கிய அணிக்கு முதல் ஆளாகச் சென்ற டேவிட் கார்ருக்கு என்ன குறை? அவரைக் காக்க வேண்டிய முன்வரிசை நொண்டியடித்தது. அவ்வாண்டில் மட்டும் 76 முறை பந்தோடு தரையில் சாய்க்கப்பட்டார். அந்த எண்ணிக்கையை இன்றுவரை எவரும் தாண்டவில்லை. அடிபட்டுக்கொண்டே எவனாலும் பாடம் படிக்க முடியாது.

மாறாக, 2005-இல் 24-ஆம் இடத்தில் தேர்வான ஏரன் ராஜர்ஸ் மூன்று ஆண்டுகள் பிரெட் ஃபாவ்ரின் பின்னால் அமர்ந்து பார்த்தார். 2008-இல்தான் நிலையான இடம் கிடைத்தது. 2017-இல் தேர்வான பேட்ரிக் மஹோம்ஸ் முதலாண்டில் கடைசி ஆட்டம் ஒன்றில் மட்டுமே இறங்கினார். மறு ஆண்டு 50 டச்டவுன்கள் எறிந்தார். உட்காரவைத்தது வீணாகவில்லை.

ஆனால் இந்தப் பொறுமை எல்லோருக்கும் கிடைப்பதன்று. முதல் சுற்றில் எடுத்தவனுக்குப் பெரும்பணம் கொடுத்தாகிவிட்டது; ஆகவே அவன் தவறுகளையும் பொறுக்கிறார்கள். கடைசிச் சுற்றில் வந்தவனையும், டிராஃப்டில் இடம்பெறாமல் வந்தவனையும் ஆகஸ்டு மாதப் பயிற்சி முகாமிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடலாம். பழகிக்கொள்ள நேரம் மிகுதியாகத் தேவைப்படுகிறவனுக்குத்தான் அது மிகக் குறைவாகத் தரப்படுகிறது. 1994-இல் எந்த அணியும் தேர்ந்தெடுக்காத கர்ட் வார்னர், கிரீன் பே முகாமில் சிறிது காலம் இருந்துவிட்டு அனுப்பப்பட்டார். அயோவா மாநிலத்தில் ஒரு பல்பொருள் அங்காடியில் இரவில் அலமாரிகளில் சரக்கு அடுக்கினார். பின்னர் உள்ளரங்கக் கால்பந்திலும் ஐரோப்பாவிலும் ஆடினார். அந்த ஆண்டுகள்தாம் அவர் தாமே தேடிக்கொண்ட அவகாசம். 1999-இல் செயின்ட் லூயிஸ் அணியின் முதல் ஆட்டக்காரர் காயமுற்றதால் இடம் கிடைத்தது. 2000 ஜனவரியில் சூப்பர் போல் வென்று ஆட்டநாயகனும் ஆனார். இதைக் கேட்டு நாம் கைதட்டுகிறோம். அலமாரி அடுக்கும் வேலையோடு நின்றுவிட்டவர்களின் பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

பையும் பட்டமும்

அண்மைக்காலத்தில் இடைவெளி சற்றுக் குறைந்துவருகிறது எனலாம். கல்லூரி ஆட்டமுறைகளைத் தொழில் அணிகளே கடன் வாங்கத் தொடங்கிவிட்டன. பயிற்சியாளர் குவார்ட்டர்பேக்கின் தலைக்கவசத்துக்குள் வானொலி மூலம் பேசும் முறை என்.எஃப்.எல்.-இல் 1994 முதல் உள்ளது. முன்னணிக் கல்லூரிகளுக்கு 2024-இல் வந்தது. அதுவரை பல கல்லூரிகளில் ஓரத்தில் நின்று படம் வரைந்த பலகைகளைத் தூக்கிக் காட்டுவார்கள். ஆட்டக்காரர்கள் அனைவரும் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படி வளர்ந்தவன் தொழில் அணியில், காதில் ஒருமுறை கேட்ட நீண்ட குறிச்சொல் வரிசையைப் பிழையின்றிப் பத்துப் பேருக்குத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. 2023-இல் ஹூஸ்டனுக்கு வந்த சி.ஜே. ஸ்ட்ரவுட் முதலாண்டிலேயே 23 டச்டவுன்கள் எறிந்து, 5 பந்துகளை மட்டுமே பறிகொடுத்தார். எனினும் எல்லோரும் ஸ்ட்ரவுட் ஆகிவிடுவதில்லை.

பணமும் அப்படியே. 2021 முதல் கல்லூரி ஆட்டக்காரர்கள் தம் பெயரையும் படத்தையும் கொண்டு விளம்பர வருவாய் பெறலாம். 2025 முதல் கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரலாம். ஆயினும் தொழில் ஆட்டத்தின் வருவாய் வேறு அளவு: 2025-இல் புதுமுகத்தின் குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் 8,40,000 டாலர். அது எத்தனை ஆண்டுகளுக்கு? சராசரி ஆட்டவாழ்வு மூன்று ஆண்டுகளைச் சற்றே தாண்டும் என்பது ஆட்டக்காரர் சங்கத்தின் கணக்கு. 1996 முதல் 2003 வரை தேர்வானவர்களை ஆராய்ந்து 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஓய்வு பெற்ற 12 ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 16 சதவீதத்தினர் திவாலானதாகக் கண்டது. மிகுதியாகச் சம்பாதித்தவர்களும் அதிலிருந்து தப்பவில்லை என்பது எனக்கு வியப்பளித்தது. குடும்பத்தில் முதன்முதலாக இவ்வளவு பணம் பார்ப்பவனிடம் எத்தனை கைகள் நீளும் என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கல்லூரிப் படிப்பு இதில் எங்கே நிற்கிறது? ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மைரன் ரோல், ரோட்ஸ் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்ஃபோர்டு சென்றார். அதன்பின் 2010-இல் ஆறாம் சுற்றில் தேர்வானார். ஆனால் பருவப் போட்டி ஒன்றில்கூட ஆடும் வாய்ப்புக் கிட்டவில்லை. மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 2017-இல் பட்டம் பெற்று, நரம்பியல் அறுவைத் துறைக்குப் போனார். எமிட் ஸ்மித்தின் கதை வேறு. 1990-இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகப் படிப்பை மூன்றாம் ஆண்டோடு விட்டுவிட்டு டல்லாஸ் அணிக்குச் சென்ற அவர், படிப்பை முடிப்பதாகத் தாயாருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். மூன்று சூப்பர் போல் கோப்பைகளை வென்ற பிறகு, ஓய்வு மாதங்களில் வந்து பாடங்களைப் படித்து, 1996-இல் அந்தப் பட்டத்தை வாங்கினார்.