முள் ஏறும் முன்: கத்திரிக்கு முன்பே பழைய டிப்பர்களில் பார்க்க வேண்டியவை

மே முதல் வாரத்தில் கத்திரி தொடங்கிவிடும். திருமுக்கூடல், மதூர், பினாயூர் பக்கம் குவாரி, கிரஷர் வேலைக்குப் பழைய டிப்பர் ஓட்டுகிறவர்கள் இந்த வாரமே ஒரு நாள் வண்டியை நிறுத்திப் பார்த்துவிடுங்கள். வெயில் உச்சிக்குப் போன பிறகு பட்டறையில் இடம் கிடைக்காது. ரேடியேட்டர் கடைக்காரர் போனையே எடுக்கமாட்டார்.

வண்டி சூடாகிறது என்றதும் நம் பக்கத்தில் முதலில் நடப்பது, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுவது. அதில் தீராவிட்டால் வாட்டர் பம்ப் மாறும். அதிலும் தீராவிட்டால் ரேடியேட்டர். இவ்வளவுக்கும் செலவழித்த பிறகு பார்த்தால் ஃபேன் பெல்ட் தளர்ந்து கிடக்கும். அதனால் ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் டிரைவரைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேளுங்கள்: முள் எந்த நேரத்தில் ஏறுகிறது?

கிரஷரில் லோடுக்கு வரிசையில் நிற்கும்போது ஏறுகிறது, பழையசீவரம் பாலத்தைத் தாண்டி மெயின் ரோட்டில் ஓட ஆரம்பித்ததும் இறங்குகிறது என்றால், குறை காற்றில். ஃபேன், பெல்ட், ரேடியேட்டரின் வெளிப்பக்க அடைப்பு, இந்த மூன்றுக்குள் விடை இருக்கும். நிற்கும்போது ஒன்றும் இல்லை, லோடு ஏற்றி ஓடும்போதுதான் ஏறுகிறது என்றால், தண்ணீர் ஓட்டத்தைப் பாருங்கள்: ரேடியேட்டர் கோர் உள்ளே அடைத்திருக்கலாம், பம்ப் தேய்ந்திருக்கலாம், உறிஞ்சும் பக்கத்து ஹோஸ் உள்ளே ஒட்டிக்கொள்ளலாம். ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்திலேயே ஏறினால் தண்ணீர் குறைவு, ஏர் லாக், அல்லது திறக்காமல் சிக்கிய தெர்மோஸ்டாட். எங்கும் ஒழுகாமலே தினமும் தண்ணீர் குறைகிறது, ரேடியேட்டரில் குமிழ் வந்துகொண்டே இருக்கிறது, புகை வெள்ளையாக வருகிறது என்றால் ஹெட் கேஸ்கெட். அந்த வண்டியை இனி ஒரு நடை கூட விடாதீர்கள்.

இந்தப் பகுதியில் பெரும்பாலும் முதல் வகைதான். நடைக்குப் பாதி நேரம் வரிசையில் நின்றபடி இன்ஜின் ஓடுகிறது. எதிர்க்காற்று கிடையாது, முழு பாரமும் ஃபேன் மேல்.

பழைய 1613 போன்ற வண்டிகளில் எப்போதும் சுற்றும் ஃபேன்தான் அதிகம். அதில் முதல் வேலை பெல்ட். இரண்டு புல்லிக்கும் நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலம் அளவு இறங்க வேண்டும். அதற்கு மேல் இறங்கினால் வழுக்கும். பெல்ட்டின் பக்கவாட்டைத் திருப்பிப் பாருங்கள். கண்ணாடி மாதிரி பளபளத்தால், எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் பிடிக்காது, மாற்றத்தான் வேண்டும். ஜோடி பெல்ட் என்றால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். புதிதும் பழையதுமாகப் போட்டால் பாரம் முழுவதும் புதிய பெல்ட் மேல் விழுந்து அதுவும் சீக்கிரம் போகும்.

நடுவில் உருண்டையாக அலுமினியக் கூடு இருந்தால் அது விஸ்கஸ் ஃபேன். உள்ளே சிலிக்கோன் எண்ணெய் இருக்கிறது. முகப்பில் உள்ள சின்ன உலோகச் சுருள், ரேடியேட்டர் வழியாக வரும் காற்றின் சூட்டை உணர்ந்து ஃபேனை வேகமாகச் சுற்ற வைக்கும். இதைச் சோதிக்க மெஷின் வேண்டாம். வண்டி நன்றாகச் சூடான பிறகு இன்ஜினை அணைத்து, சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டு, ஃபேனைக் கையால் சுற்றி விடுங்கள். கை விட்டதும் ஒரு சுற்றுக்குள் நின்றால் நல்ல ஃபேன். நாலைந்து சுற்று தானாக ஓடினால் போய்விட்டது. கூட்டைச் சுற்றி எண்ணெய் கசிந்து, அதில் தூசி படிந்து கருப்பு வளையமாக இருந்தாலும் அதே கதைதான். நம் ஊருக்கு இன்னொன்று உண்டு: கிரஷர் பவுடர் அந்தச் சுருள் மேல் சிமெண்ட் போல இறுகி, சூடே தெரியாமல் ஆக்கிவிடும். பழைய பிரஷ் ஒன்றால் தேய்த்துவிட்டுச் சோதியுங்கள், பிறகு புது ஃபேனுக்கு விலை கேட்கலாம்.

போல்ட் அடித்து விஸ்கஸை லாக் செய்துவிட்டால் தீர்ந்தது என்று சிலர் சொல்வார்கள். வழியில் நின்றுவிட்ட வண்டியை வீடு சேர்க்க அது சரி. அப்படியே மாதக்கணக்கில் ஓட்டினால் டீசல் கூடும், இறக்கைகளில் விரிசல் விழும். விரிசல் விட்ட இறக்கை முழு வேகத்தில் பிய்ந்தால் ரேடியேட்டரைக் கிழிக்கும். பக்கத்தில் ஆள் நின்றால் அவரையும். இன்ஜின் ஓடும்போது ஃபேனுக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது, கிளீனர் பையன் உட்பட.

வாட்டர் பம்ப் மாற்றிய பிறகுதான் வண்டி சூடாக ஆரம்பித்தது என்றால் ஃபேனை முன்பின் மாற்றி மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். தலைகீழாக மாட்டினாலும் காற்று அதே திசையில்தான் வரும், ஆனால் அளவு வெகுவாகக் குறைந்துவிடும். கையை வைத்துப் பார்த்தால் காற்று வருகிறதே என்று ஏமாந்துபோவது இதனால்தான். ஃபேனைச் சுற்றியுள்ள ஷ்ரவுட்டும் முக்கியம். இன்ஜின் இறக்கியபோது கழற்றி வைத்தது பட்டறை மூலையிலேயே கிடந்தால், ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுக்காமல் பக்கத்துச் சூடான காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றும். சோதனை எளிது: இன்ஜின் ஐட்லிங்கில் இருக்கும்போது முன்பக்கம் ரேடியேட்டர் மேல் ஒரு தினசரித் தாளை வைத்தால் அது ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நழுவினால் இழுவை போதாது. கிரில் மேல் கட்டிய பெயர்ப் பலகை, கூடுதல் ஹாரன், பூமாலை எல்லாமே காற்றை மறைப்பவைதான். மாலையைச் சாமி படத்துக்குப் போடுங்கள், கத்திரி முடியும்வரை ரேடியேட்டருக்கு வேண்டாம்.

ரேடியேட்டரின் வெளிப்பக்கம் அடுத்தது. இன்ஜின் பிரீதரிலிருந்து வரும் எண்ணெய் ஆவியும் கல்தூசியும் சேர்ந்தால் பின்னலுக்கு இடையே பசையாகிவிடும். முன்னாலிருந்து தண்ணீர் அடித்தால் அந்தப் பசை இன்னும் உள்ளேதான் போகும். இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, குறைந்த அழுத்தத்தில் அடியுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்டே வைத்தால் மெல்லிய தகடுகள் மடிந்து காற்று வழியே மூடிப்போகும். டர்போ வண்டியில் இன்டர்கூலர் ரேடியேட்டருக்கு முன்னால் இருந்தால், இரண்டுக்கும் நடுவில்தான் தூசி குவியும். இன்டர்கூலரை அவிழ்த்துச் சாய்க்காமல் அது வெளியே வராது. ஏர் கிளீனரையும் அன்றே தட்டிப் பார்த்துவிடுங்கள். மூச்சு அடைத்த இன்ஜின் கரும்புகை விடும், சூடும் ஏறும்.

இனி தண்ணீர். பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேரும் ஊர் என்றாலும், குவாரிப் பக்கம் வண்டிக்குள் போவது போர் தண்ணீர்தான். கொதித்துக் கொதித்து அது உப்புப் படிவாகக் கோருக்குள் இறுகிக்கொள்கிறது. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் கன் இருந்தால், சூடான ரேடியேட்டர் முகப்பில் பக்கவாட்டாக ஓட்டிப் பாருங்கள். நடுவே திட்டுத் திட்டாகக் குளிர்ந்த இடம் இருந்தால் அந்தக் குழாய்கள் அடைத்துவிட்டன. செம்பு, பித்தளை ரேடியேட்டர் என்றால் டேங்கைப் பிரித்து ராடு விட்டுச் சுத்தம் செய்ய முடியும். சுத்தம் செய்த பிறகும் போர் தண்ணீரையே ஊற்றினால் அடுத்த கத்திரிக்கு இதே செலவு. கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிப் பாதி கலந்து ஊற்றுங்கள். ரெடி மிக்ஸ் வாங்கினால் அதில் தண்ணீர் சேர்க்க வேண்டாம்.

ரேடியேட்டர் மூடியை யாரும் மதிப்பதில்லை. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். மூடி அரை பார் அழுத்தம் பிடித்தால் கொதிநிலை 110 டிகிரிக்கு மேல் போகிறது. மூடியின் ரப்பர் தேய்ந்தால் அந்தப் பத்து டிகிரியும் போச்சு.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது பற்றி முதலில் சொன்னேன். பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியையும் அடைக்கும். அதைத் தூக்கிவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றி வந்துவிடும். வண்டி முன்பைவிடச் சூடாகும். சந்தேகம் இருந்தால் நூலில் கட்டி, பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். அதன் மேல் பொறித்திருக்கும் டிகிரி வாக்கில் திறக்க ஆரம்பித்து, கொதிக்கும் முன் முழுதாகத் திறந்துவிட வேண்டும்.

லோடைப் பற்றியும் பேசிவிடுவோம், முதலாளிமார் கோபித்துக்கொண்டாலும். 2516 என்றால் மொத்த எடை 25 டன், 160 குதிரைத் திறன். 2018 ஜூலையில் மூன்று ஆக்சில் லாரிக்கான உச்ச எடை 28.5 டன்னாக உயர்ந்தது. உங்கள் பழைய வண்டியின் ரேடியேட்டர் அதனால் பெரிதாகிவிடவில்லை. அதற்கும் மேல் ஏற்றினால் சூட்டோடு அபராதமும் உண்டு: அடிப்படை 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000 ரூபாய்.

இவ்வளவும் பார்த்தும் வழியில், “அண்ணே, முள்ளு ஏறுதுண்ணே” என்று கிளீனர் சொன்னால் ஓரம் கட்டுங்கள். பெல்ட் அறுந்திருந்தாலோ ஆவி கிளம்பினாலோ உடனே அணைத்துவிடுங்கள். ஏறிய முள் திடீரென்று கீழே விழுந்தால் ஆறிவிட்டது என்று நினைக்காதீர்கள்; சென்சார் மட்டத்துக்குக் கீழே தண்ணீர் போனாலும் முள் அப்படி விழும், அந்த நேரத்தில்தான் இன்ஜின் சீஸ் ஆகும். குறைந்தது அரை மணி நேரம் மூடியில் கை வைக்காதீர்கள். திறக்கும்போது ஈரச்சாக்கை மேலே போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, முதல் படிவரை மட்டும் திருகி ஆவியை விடுங்கள். சூடான பிளாக் மேல் தண்ணீரை வாரி இறைத்தால் ஹெட் விரிசல் விடும். நன்றாக ஆறிய பிறகு இன்ஜினை ஐட்லிங்கில் ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

பழைய கூலண்டை இறக்கும்போது ஒரு கேனில் பிடித்து மூடி வையுங்கள். அது இனிக்கும், ஆனால் விஷம். வாய்க்கால் ஓரம் கொட்டினால் ஆடு, மாடு, நாய் எதுவும் நக்கிக் குடித்துவிடும்.